தாய்லாந்தில் வாழும் பிரிட்டிஷ்காரர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப: ஆவண வேலைகள், வரிசைப்படி

தாய்லாந்தில் வருடக்கணக்காக இருக்கும் பிரிட்டிஷ்காரர்களில் பலர் ஊருக்குப் போக நினைத்ததும் முதலில் டிக்கெட் போடுகிறார்கள், அப்புறம்தான் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள். சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த வரிசையில்தான் பிறக்கின்றன. பிரிட்டனுக்குள் நுழைய அவர்களை யாரும் தடுக்கப் போவதில்லை. தாய்லாந்துக்குத் திரும்பி வரும் உரிமைதான் எளிதில் கை நழுவும். ஆகவே இந்தப் பயணத்தைத் திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

ஹுவா ஹின்னிலோ பட்டாயாவிலோ ஓய்வுக்காலத்தைக் கழிப்பவர், பாங்காக்கில் ஆசிரியராக இருப்பவர், தாய்லாந்துக்காரரைத் திருமணம் செய்தவர் என நீண்டகாலத் தங்கும் அனுமதியோடு இருக்கும் எல்லோருக்குமானது இது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டு லண்டனிலிருந்து பாங்காக் வந்த நம்மவர்களுக்கும் இதே விதிகள்தான்.

1. டிக்கெட்டுக்கு முன் நான்கு தேதிகள்

ஒரு தாளில் எழுதுங்கள்: பாஸ்போர்ட் முடியும் தேதி, தங்கும் அனுமதி முடியும் தேதி, அடுத்த 90 நாள் அறிக்கையின் (90 நாளுக்கு ஒருமுறை இமிக்ரேஷனுக்கு முகவரியைத் தெரிவிப்பது) தேதி, நீங்கள் திரும்ப நினைக்கும் தேதி.

இரண்டாவது தேதியில்தான் குழப்பம். விசாவில் இருக்கும் தேதி, அதை வைத்து உள்ளே நுழைவதற்கான கெடு. எதுவரை தங்கலாம் என்பது நுழைவு முத்திரையிலோ, தங்கும் காலத்தை நீட்டித்துத் தரும் எக்ஸ்டென்ஷன் முத்திரையிலோ இருக்கும். நமக்கு வேண்டியது இந்தப் பின்னது.

திரும்பும் தேதி தங்கும் அனுமதி முடிவதற்கு முன் இருக்க வேண்டும். உதாரணமாக, அனுமதி ஜூலை 20-ல் முடிகிறது, ஜூன் 1 முதல் ஜூலை 30 வரை ஊரில் இருக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்டென்ஷனுக்குப் பொதுவாகக் கடைசி 30 நாட்களில்தான் விண்ணப்பிக்க முடியும். சில அலுவலகங்கள் 45 நாள் முன்பே வாங்கிக்கொள்கின்றன, ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நம்பக் கூடாது. அதாவது ஜூன் 1-க்கு முன் புதுப்பிக்க வழியில்லை. பிரிட்டனில் உட்கார்ந்துகொண்டும் புதுப்பிக்க முடியாது, நேரில்தான் வர வேண்டும். பயணத்தைச் சுருக்கி ஜூலை 20-க்கு முன் வாருங்கள், அல்லது கிளம்பும் தேதியைத் தள்ளிவைத்து, புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள்.

திருமணத்தின் அடிப்படையில் எக்ஸ்டென்ஷன் வாங்குபவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. விண்ணப்பித்த உடனே ஒரு வருடம் கிடைக்காது. முதலில் ‘பரிசீலனையில்’ என்று சுமார் 30 நாளுக்கு ஒரு முத்திரை போட்டு, குறிப்பிட்ட நாளில் வரச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருட முத்திரை விழுந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

2. பாஸ்போர்ட்: எங்கே புதுப்பிப்பது

பிரிட்டனுக்குள் நுழையும் நாளில் உங்கள் பாஸ்போர்ட் உயிரோடு இருந்தால் போதும். தாய்லாந்துக்குத் திரும்பத்தான் ஆறு மாதம் மிச்சம் வேண்டும். கிளம்பும்போது எட்டு மாதம் இருக்கிறதே என்று நிம்மதியாகப் போய், மூன்று மாதம் கழித்து லண்டன் செக்-இன் கவுண்டரில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி எக்ஸ்டென்ஷனும் தர மாட்டார்கள். ஏழு மாதமே மிச்சமுள்ள பாஸ்போர்ட்டோடு ஒரு வருட எக்ஸ்டென்ஷனுக்குப் போனால் ஏழு மாதம்தான் கிடைக்கும். ஆகவே ஒரு வருடத்துக்குக் கீழே வந்ததுமே புதுப்பிக்க யோசியுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருக்கும் மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுப்பதை 2018-லேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனாலும் இது ஏற்க வேண்டிய நஷ்டம்.

தாய்லாந்திலிருந்தே விண்ணப்பிப்பது என் முதல் தேர்வு, பயணத்துக்கு நான்கைந்து மாதம் இருந்தால். வந்தவுடன் இமிக்ரேஷன் ஆபீஸுக்குப் போய்ப் பழைய பாஸ்போர்ட்டின் அனுமதியைப் புதியதுக்கு மாற்றி, அதன் பிறகு ரீ-என்ட்ரி பெர்மிட் (வெளியே போய்த் திரும்பும்வரை தங்கும் அனுமதியைக் காப்பாற்றும் முத்திரை) எடுத்தால் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும்.

அவகாசம் இல்லையென்றால் பிரிட்டன் போய் எடுக்கலாம். அங்கே அவசர சேவைகள் உண்டு. அவற்றுக்கு நீங்கள் பிரிட்டனில் இருந்தாக வேண்டும், முன்பதிவும் வேண்டும். அப்படிச் செய்தால் செல்லுபடியாகும் தாய்லாந்து முத்திரைகள் உள்ள பழைய பாஸ்போர்ட்டைக் கட்டாயம் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மூலை வெட்டப்பட்டு வந்தாலும் அதிலுள்ள ரீ-என்ட்ரி பெர்மிட் உங்களுக்கு வேண்டும். திரும்பும்போது இரண்டையும் சேர்த்தே நீட்ட வேண்டும்.

3. உங்களுக்கு ரீ-என்ட்ரி பெர்மிட் தேவையா?

எக்ஸ்டென்ஷனில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தேவை. ஓய்வு, திருமணம், வேலை என்று காரணம் எதுவானாலும் சரி. பெர்மிட் இல்லாமல் எல்லையைத் தாண்டிய கணத்தில் அந்த எக்ஸ்டென்ஷன் செத்துப்போகும். வொர்க் பெர்மிட் இருப்பது இதைக் காப்பாற்றாது, அது வேறு துறை கொடுத்த வேறு தாள்.

தொலைதூர வேலை செய்பவர்கள் முதலானோருக்கான டிடிவி விசா வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை. அது பலமுறை நுழையும் விசா, ஒவ்வொரு நுழைவிலும் புதிதாக 180 நாள் கிடைக்கும். எல்டிஆர் எனப்படும் நீண்டகாலக் குடியிருப்பு விசாவிலும், பணம் கட்டி உறுப்பினராகிப் பெறும் தாய்லாந்து பிரிவிலெஜ் விசாவிலும் பலமுறை நுழையும் வசதி உள்ளேயே இருக்கிறது.

பெர்மிட் இல்லாமல் போய்விட்டால் நாட்டுக்குள் விட மாட்டார்களா? விடுவார்கள், சுற்றுலாப் பயணியாக. அப்புறம் நான்-இமிக்ரன்ட் விசா (எக்ஸ்டென்ஷன் வாங்க அடிப்படையான விசா), வங்கிக் கடிதம், எக்ஸ்டென்ஷன் என்று முதல் படியிலிருந்து ஏற வேண்டும். பிரிட்டனில் இருக்கும்போதே தெரியவந்தால் ஒரு மாற்று வழி உண்டு: தாய்லாந்தின் இ-விசா தளம் வழியாக லண்டன் தூதரகத்துக்குப் புதிய நான்-இமிக்ரன்ட் ஓ விசாவுக்கு விண்ணப்பிப்பது. கிடைப்பதற்குள் திரும்பும் தேதி தள்ளிப்போகும் என்பதால் டிக்கெட்டை மாற்றத் தயாராக இருங்கள்.

4. ரீ-என்ட்ரி பெர்மிட் எடுப்பது

தேவையானவை: டிஎம் 8 படிவம், பாஸ்போர்ட், அதன் முகப்புப் பக்கத்தின் ஜெராக்ஸ், கடைசி நுழைவு முத்திரை மற்றும் எக்ஸ்டென்ஷன் பக்கங்களின் ஜெராக்ஸ், 4x6 சென்டிமீட்டர் புகைப்படம் ஒன்று, ரொக்கம். ஒவ்வொரு ஜெராக்ஸிலும் நீல மையில் கையெழுத்துப் போட்டு வையுங்கள். கவுண்டரில் போய்ப் பேனா தேடுபவர்களால்தான் வரிசை நீள்கிறது.

ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். வருடத்தில் நான்கு முறை வெளியே போனால்தான் இரண்டாவது லாபம். அதுவும் எக்ஸ்டென்ஷன் புதிதாக இருக்கும்போது மட்டும். பெர்மிட்டின் ஆயுள் தங்கும் அனுமதியின் ஆயுளோடு முடிந்துவிடும். இரண்டு மாதமே மிச்சம் இருக்கும்போது 3,800 கொடுப்பது வீண்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறான கணக்கு ஒன்று உண்டு: ‘ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்துவிட்டேன், அதனால் ஒரு வருடம் இருக்கிறது.’ இல்லை. அது ஒரு நாளைக்கூடக் கூட்டித் தராது. பழைய தேதியை அழியாமல் காப்பாற்றுவது மட்டும்தான் அதன் வேலை.

எங்கே எடுப்பது? எக்ஸ்டென்ஷன் கிடைத்த அன்றே, அதே அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். வருடத்தில் ஒருமுறையாவது ஊருக்குப் போவீர்கள் என்றால் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று நள்ளிரவில் போன் வந்து, காலையிலேயே விமானம் ஏற வேண்டியிருந்தால் இமிக்ரேஷன் ஆபீஸ் திறக்கும்வரை காத்திருக்க முடியாது. சுவர்ணபூமி விமான நிலையத்திலும் எடுக்கலாம்தான். ஆனால் செக்-இன் முடித்து, போர்டிங் பாஸோடு, வெளியேறும் முத்திரை விழுவதற்கு முன் அந்த மேசையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை அவசரத்துக்கான வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விமான நிலையங்களிலும் எல்லா நேரத்திலும் ஆள் இருப்பார் என்று எண்ண வேண்டாம்.

பெர்மிட் விழுந்ததும் அதிலுள்ள முடிவு தேதியையும் எக்ஸ்டென்ஷன் தேதியையும் அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு பெர்மிட் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள், 10-ஆம் படியில் அதன் எண் தேவைப்படும்.

5. கிளம்பும் முன் தாய்லாந்தில் முடிக்க வேண்டியவை

90 நாள் அறிக்கை: கெடு தேதிக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை அதற்கான டிஎம் 47 படிவத்தைக் கொடுக்கலாம். கெடு நீங்கள் தாய்லாந்துக்கு வெளியே இருக்கும்போது வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே கெடுவும் அந்த 7 நாளும் தாண்டியிருந்தால் தாமதம் தாமதம்தான். நீங்களே போய் அறிக்கை கொடுத்தாலும் 2,000 பாட் அபராதம்.

வங்கியில் இருக்கும் 8 லட்சம் பாட்: ஓய்வு எக்ஸ்டென்ஷனுக்காகப் போட்ட இந்தத் தொகை, விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, கிடைத்த பிறகு மூன்று மாதம்வரை முழுசாக இருக்க வேண்டும். அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் கைக்கு வந்த மகிழ்ச்சியில் அதே கணக்கிலிருந்து விமான டிக்கெட் போடுபவர்கள் அடுத்த வருடம் பாஸ்புக்கை நீட்டும்போதுதான் விழிக்கிறார்கள். பயணச் செலவுக்கு வேறு கணக்கு வையுங்கள். மாதம் 65,000 பாட் வரவு காட்டும் முறையில் இருப்பவர்கள், ஊரில் இருக்கும் மாதங்களிலும் அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்து தாய்லாந்துக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கும்படி தானியங்கி ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். பிரிட்டிஷ் தூதரகம் வருமானக் கடிதம் கொடுப்பதை 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டதால் இந்த வரவுப் பதிவுகள்தான் உங்கள் சாட்சி. ஒரு மாதம் விடுபட்டாலும் கேள்வி வரும்.

தாய்லாந்து சிம்: வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே உறுதி செய்து, சிம்மின் செல்லுபடிக் காலம் திரும்பும் தேதியைத் தாண்டும்படி டாப்-அப் செய்யுங்கள். வங்கிச் செயலியில் முகப் பதிவு முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறைக்கு 50,000 பாட்டுக்கு மேல் அனுப்ப முகம் காட்டியாக வேண்டும், அதை முதன்முறை பதிவு செய்யக் கிளைக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம்.

பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு ஒரு கடிதம் முக்கியம். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு அவ்வப்போது தபாலில் ஒரு சான்றுப் படிவம் வரும். சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும். நீங்கள் மூன்று மாதம் ஊரில் இருக்கும்போது அது பட்டாயா வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்து உங்களுக்குப் படம் அனுப்ப ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, தாய்லாந்தில் வாழ்பவர்களுக்கு ஓய்வூதியம் வருடாவருடம் உயராது. ஆனால் பிரிட்டனில் தங்கும் வாரங்களுக்கு அன்றைய உயர்ந்த விகிதத்தைக் கேட்டு வாங்கலாம். சர்வதேச ஓய்வூதிய மையத்துக்குப் போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் தெரிவிக்க வேண்டும். கேட்காதவர்களுக்குத் தானாக வராது.

6. குடும்பத்தோடு போகிறவர்கள்

தாய்லாந்து பாஸ்போர்ட் உள்ள மனைவிக்கோ கணவருக்கோ பிரிட்டன் விசா கட்டாயம் வேண்டும். திருமணமாகியிருப்பது இதை மாற்றாது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் நிரப்பி, பாங்காக்கில் விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் மையத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். ஆறு மாத விசிட் விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக உயர்ந்தது. அது அடிக்கடி ஏறுவதால் விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். விசா வருமுன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் வாங்க வேண்டாம்.

மறுப்புக்கு முக்கியக் காரணம், விண்ணப்பித்தவர் திரும்பி வருவார் என்று அதிகாரி நம்பாதது. வேலை இடத்தின் விடுப்புக் கடிதம், நிலப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாம் உதவும். பலர் கோட்டைவிடும் சான்று ஒன்று இருக்கிறது: பிரிட்டிஷ் கணவருடைய தாய்லாந்து எக்ஸ்டென்ஷன் மற்றும் ரீ-என்ட்ரி பெர்மிட்டின் நகல். கணவரே திரும்பி வர அனுமதி எடுத்து வைத்திருக்கிறார் என்றால், குடும்பத்தின் வாழ்க்கை தாய்லாந்தில்தான் என்பதற்கு அதைவிட நேரடியான ஆதாரம் இல்லை. அதனால்தான் 4-ஆம் படியை இதற்கு முன் வைத்தேன்.

விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன் கணக்கில் திடீரென்று பெரிய தொகை போடாதீர்கள். கடன் வாங்கிக் காட்டும் பணம் போலத் தெரியும். கணவர் செலவு செய்கிறார் என்றால் அவருடைய கணக்கையே காட்டி, அப்படியே எழுதிவிடலாம்.

தாய்லாந்து மொழியில் உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் இருக்க வேண்டும். வாங்கும்போது இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, பெயரின் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டில் இருப்பதைப் போலவே இருக்கிறதா? திருமணச் சான்றில் ஒரு மாதிரி, வீட்டுப் பதிவேட்டில் ஒரு மாதிரி என்று வந்தால் இரண்டு பேராகத் தோன்றும். இரண்டு, ஆண்டு. தாய்லாந்து ஆவணங்களில் புத்த ஆண்டுதான் இருக்கும், 543 கழித்தால் நம் ஆண்டு. 2535-ல் பிறந்தவர் 1992-ல் பிறந்தவர். அவசரத்தில் அடித்த மொழிபெயர்ப்பில் இது 1993 ஆகியிருந்தால், விண்ணப்பத்தோடு முரண்படும்.

பிள்ளைகள் விஷயம் வேறு. பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள குழந்தைக்கு பிரிட்டன் விசா தரவே மாட்டார்கள், ஏனென்றால் குடிமகனுக்கு விசா கிடையாது. தாய்லாந்து பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தால் பயணம் நின்றுவிடும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பிரிட்டனில் பிறந்து குடியுரிமை பெற்றவர், அல்லது பின்னாளில் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கியவர், தாய்லாந்தில் பெறும் குழந்தை பொதுவாகப் பிறப்பிலேயே பிரிட்டிஷ்தான். பெற்றோரே வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியால் குடியுரிமை பெற்றவராக இருந்தால் அப்படியில்லை. முதல் பாஸ்போர்ட்டுக்குப் பல வாரங்கள் பிடிக்கும், கோடை விடுமுறைக்குப் போக ஜனவரியிலேயே தொடங்குங்கள்.

இரண்டு பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகள் தாய்லாந்தை விட்டுப் புறப்படவும் திரும்பி நுழையவும் தாய்லாந்து பாஸ்போர்ட், பிரிட்டனில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். விமான நிறுவனக் கவுண்டரில் இரண்டையும் காட்டுங்கள். மாற்றிக் காட்டி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் தாய்லாந்துக்குள் நுழைந்துவிட்டால் சொந்த நாட்டில் குழந்தை வெளிநாட்டுக்காரர் ஆகி, தங்கும் நாட்களை எண்ண வேண்டி வரும்.

ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போனால், குறிப்பாகக் குடும்பப் பெயர் வேறாக இருந்தால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பும் கைப்பையில் இருக்கட்டும். நம் ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி தாய்லாந்தில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் சம்மதக் கடிதம் பதிவு செய்து தருவார்கள்.

7. பிரிட்டனில் மருத்துவம்

‘நாற்பது வருடம் வரி கட்டினேன், என்ஹெச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை) எனக்கு இலவசம்.’ இதைச் சொல்லாத பிரிட்டிஷ்காரரை நான் பார்த்ததில்லை. பாவம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலவச மருத்துவமனைச் சிகிச்சை, அங்கே வழக்கமாக வசிப்பவர்களுக்கு. பாஸ்போர்ட்டோ, கட்டிய வரியோ கணக்கில் வராது. தாய்லாந்தோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தமும் இல்லை.

இங்கிலாந்தில் ஜிபி எனப்படும் பொது மருத்துவரைப் பார்ப்பது எல்லோருக்கும் இலவசம். மூன்று மாதத்துக்குள் தங்குபவர் தற்காலிக நோயாளியாகப் பதிந்துகொள்ளலாம். அவசரப் பிரிவில் கொடுக்கும் சிகிச்சையும் இலவசம். அங்கிருந்து வார்டில் சேர்த்ததும் மீட்டர் ஓடத் தொடங்கும், என்ஹெச்எஸ் தன் வழக்கமான விலையில் 150 சதவீதம் வசூலிக்கலாம். தாய்லாந்து மனைவிக்கு வந்த 500 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பில் இரண்டு மாதத்துக்கு மேல் கட்டப்படாமல் நின்றால், அவருடைய அடுத்த விசாவுக்கே அது தடையாகலாம்.

ஆகவே காப்பீடு. இதிலும் இடறுவார்கள்: பிரிட்டனில் விற்கும் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் பிரிட்டனில் வசிப்பவருக்கானவை, தாய்லாந்தில் வாங்கிய வெளிநாட்டவர் காப்பீடுகள் பல ‘சொந்த நாட்டை’ விலக்கிவிடும் அல்லது சில வாரங்களுக்கு மட்டும் தரும். பாலிசியில் சொந்த நாடு பற்றிய வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

8. முகவரி, சிம், லைசென்ஸ், நாட்கணக்கு

பிரிட்டனில் வங்கியும் மற்ற அலுவலகங்களும் கேட்கும் முதல் கேள்வி முகவரி. மகள் வீட்டு முகவரியைக் கடிதங்களுக்கான முகவரியாகக் கொடுப்பது வேறு, அங்கேயே வசிப்பதாகச் சொல்வது வேறு. இரண்டாவது பொய், வரிக் கேள்விகளை வீட்டுக்கே கூட்டி வரும். வங்கியிடம் தாய்லாந்து முகவரியைச் சொன்னால் கணக்கை மூடிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான், சில வங்கிகள் மூடியும் இருக்கின்றன. அதனால் வெளிநாட்டில் வசிப்பவரை ஏற்கும் வங்கி எது என்று ஊரில் இருக்கும்போதே விசாரித்து மாற்றிக்கொள்வது நல்லது. கார்டு காலாவதி தேதியையும் பாருங்கள். புதிய கார்டு தபாலில் வரும்.

பிரிட்டிஷ் ப்ரீபெய்டு எண்ணை மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளும். வங்கி ஓடிபி-யும் அரசுத் தளங்களின் குறியீடும் அந்த எண்ணுக்குத்தான் போகும் என்பதால் தாய்லாந்தில் இருக்கும்போதும் அவ்வப்போது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி உயிரோடு வைத்திருங்கள்.

லைசென்ஸ்: பிரிட்டிஷ் ஓட்டுநர் அட்டையைப் புதுப்பிக்க அங்கே வசிக்க வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் செல்லுபடியாகும் தாய்லாந்து லைசென்ஸை வைத்துப் பார்வையாளராக 12 மாதம்வரை கார் ஓட்டலாம். வாடகைக் கார் நிறுவனத்தின் நிபந்தனையை முன்கூட்டியே கேளுங்கள். பிரிட்டிஷ் லைசென்ஸில் எடுப்பவரிடம் பிரிட்டனின் லைசென்ஸ் அமைப்பான டிவிஎல்ஏ-வின் தளத்தில் எடுக்கும் சரிபார்ப்புக் குறியீட்டைக் கேட்கலாம், அது 21 நாள் மட்டுமே செல்லும்.

நாட்கணக்கு: பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குகிறது. முந்தைய மூன்று வரி ஆண்டுகளிலும் அங்கே வரிக்குரிய வசிப்பாளராக இல்லாதவர், ஒரு ஆண்டில் 46 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் கவலையில்லை. அதைத் தாண்டினால் வீடு, குடும்பம், வேலை போன்ற பிணைப்புகளை எண்ணுவார்கள். 183 நாளைத் தொட்டால் வாதமே இல்லை. நள்ளிரவில் அங்கே இருந்த நாட்கள்தான் கணக்கு. தாய்லாந்து பக்கம், ஜனவரி முதல் டிசம்பர்வரை 180 நாள் அல்லது அதற்கு மேல் இருந்தால் அங்கே வரி வசிப்பாளர். நீண்ட பயணம் இந்த இரண்டு எண்களையும் அசைக்கும். போர்டிங் பாஸ்களைத் தூக்கி எறியாதீர்கள்.

9. ஊரில் இருக்கும்போதே வாங்கி வர வேண்டிய தாள்கள்

தாய்லாந்தில் திருமணப் பதிவு, வொர்க் பெர்மிட், குழந்தையின் ஆவணம் ஏதாவது வரப்போகிறது என்றால் பிரிட்டிஷ் சான்றிதழ்களை இந்தப் பயணத்திலேயே தயார் செய்யுங்கள். விவாகரத்து ஆனவருக்கு இறுதித் தீர்ப்பின் அசல், ஆசிரியருக்குப் பட்டச் சான்றும் போலீஸ் சான்றும்.

வழக்கமான வரிசை: பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்ப அலுவலகம், பிறகு லண்டன் குயின்ஸ் கேட்டில் உள்ள தாய்லாந்து தூதரகம், பிறகு பாங்காக் வந்து தாய்லாந்து மொழிபெயர்ப்பு, கடைசியில் ஜேங் வத்தனாவில் உள்ள தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகப் பிரிவு. முதல் படியை விட்டுவிட்டு நேராகத் தூதரகம் போனால் திருப்பி அனுப்புவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு முத்திரையும் அதற்கு முந்தைய கையெழுத்தைத்தான் உறுதி செய்கிறது. எந்த முத்திரைகள் வேண்டும் என்று தாள் கேட்கும் அலுவலகத்திடம் கிளம்பும் முன்பே கேட்டுக்கொண்டு, ஊர் போய் இறங்கிய முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

10. திரும்பும் வாரம்

வந்திறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் டிடிஏசி எனப்படும் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவருக்கும் இது கட்டாயம். இருபது வருடமாக அங்கே வாழ்கிறவரானாலும் விலக்கில்லை. தாய்லாந்து பாஸ்போர்ட்டில் வரும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டாம். இது முற்றிலும் இலவசம்; தேடலில் முதலில் வரும் தளம் பணம் கேட்டால் அது இமிக்ரேஷன் தளம் அல்ல, மூடிவிடுங்கள். விசா எண் கேட்கும் இடத்தில் ரீ-என்ட்ரி பெர்மிட்டின் எண்ணைக் கொடுங்கள். பாஸ்போர்ட் ஊரில் புதிதாகியிருந்தால் புதிய எண்ணில் நிரப்புங்கள்.

லண்டன் செக்-இன்னில் ‘தாய்லாந்திலிருந்து வெளியேறும் டிக்கெட் எங்கே’ என்று கேட்டால் பதற வேண்டாம். ரீ-என்ட்ரி பெர்மிட் பக்கத்தைக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன ஒட்டுத்தாள் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

பையைக் கட்டும்போது இரண்டு எச்சரிக்கை. தாய்லாந்துக்குள் மின்சிகரெட் கொண்டுவருவது சட்டவிரோதம், பிரிட்டனில் கடைகளில் கிடைப்பதால் மறந்துவிடுகிறார்கள். தாய்லாந்துக் கடையில் வாங்கிய கஞ்சாவை பிரிட்டனுக்கு எடுத்துப் போவதோ போதைப்பொருள் கடத்தல்.

தாய்லாந்து இமிக்ரேஷன் கவுண்டரில் பாஸ்போர்ட்டைப் பெர்மிட் பக்கத்தில் திறந்து நீட்டி, “ரீ-என்ட்ரி” என்று சொல்லுங்கள். அதிகாரி வழக்கப்படி சுற்றுலாப் பயணி முத்திரையை அடித்துவிட வாய்ப்புண்டு. முத்திரை விழுந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் தேதியைப் பாருங்கள். உங்கள் எக்ஸ்டென்ஷன் முடியும் அதே தேதி இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அதே முத்திரைக்காக விமான நிலையம்வரை திரும்ப வர வேண்டியிருக்கும்.

11. வந்திறங்கிய பிறகு

90 நாள் எண்ணிக்கை நீங்கள் நுழைந்த அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். பாஸ்போர்ட்டில் பழைய சீட்டு ஒட்டியிருந்தாலும் அதன் தேதி இனி செல்லாது.

டிஎம் 30, அதாவது வெளிநாட்டவர் வீட்டுக்கு வந்ததை 24 மணி நேரத்தில் வீட்டுக்காரர் தெரிவிக்கும் படிவம். ரீ-என்ட்ரி பெர்மிட்டில் அதே முகவரிக்குத் திரும்புபவருக்கு மறுபடி வேண்டாம் என்று 2020-ல் தளர்த்தினார்கள். ஆனால் எல்லா உள்ளூர் அலுவலகங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அடுத்த எக்ஸ்டென்ஷனின்போது புதிய ரசீது கேட்கும் அலுவலகம் உங்களுடையது என்றால், வீட்டுக்காரரிடம் சொல்லி ஆன்லைனில் போட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் எண் மாறியிருந்தால் யோசிக்காமல் போடுங்கள்.

புதிய பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் அந்த வாரமே இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் இமிக்ரேஷன் ஆபீஸில் முத்திரைகளை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கிருந்து வங்கி. கணக்கு பழைய பாஸ்போர்ட் எண்ணில் இருந்தால் எக்ஸ்டென்ஷனுக்கான வங்கிக் கடிதமும் பழைய எண்ணில்தான் வரும், இமிக்ரேஷன் அதை வாங்காது. வங்கிக்குப் பிறகு சிம் கடை, வரி எண் இருந்தால் வருவாய்த் துறை. பழைய பாஸ்போர்ட்டைப் புதியதோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள், அடுத்த எக்ஸ்டென்ஷனுக்கும் அதைக் கேட்பார்கள்.